ஃபாரின்ல இருந்து வந்த ஹேர் டிரையர்... நம்ம ஊர் பிளக்ல சொருகலாமா? - ஒரு கரன்ட் கைடு!

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பெரியம்மா மகள் வந்திருந்தார். சூட்கேஸைத் திறந்ததும் வீடே கூடிவிட்டது. சாக்லேட், வைட்டமின் மாத்திரை, பாடி லோஷன் எல்லாம் பங்கு பிரித்து முடித்த பிறகு, எனக்கென்று தனியாக ஒரு ஹேர் டிரையரை எடுத்து நீட்டினார். "ரெண்டு வருஷமா நான் யூஸ் பண்ணினதுடி. சூப்பரா இருக்கும், வெச்சுக்கோ!"

தட்டையான இரண்டு பின். நம்ம ஊர் சாக்கெட்டில் போகாது. ஆனால், எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எந்த நாட்டு பின்னும் போகும். சொருகி, ஸ்விட்சைத் தட்டினேன். ஃப்ளைட் கிளம்புவதுபோல ஒரு சத்தம். உள்ளே காயில் செக்கச்செவேலெனச் சிவந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாசனை. 'டப்'பென்று வீடே இருட்டு!

வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஹேர் டிரையரைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பின்னு உள்ள போயிடுச்சுன்னா கரன்ட்டும் சரியா இருக்கும்னு நெனச்சுட்டீங்களாம்மா?"

உண்மையைச் சொன்னால், அப்படித்தான் நினைத்தேன். உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். துபாய் சித்தப்பா கொடுத்த அயர்ன் பாக்ஸ், சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த ரைஸ் குக்கர், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய மெஷின் என ஏதாவது ஒரு ஃபாரின் பொருள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அதைச் சொருகும் முன்பு என்ன பார்க்க வேண்டும்? வாங்க, ஒண்ணொண்ணா பார்த்துடலாம்.

எந்த ஊரில் எவ்வளவு வோல்ட்?

இந்தியாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளை இதோடு ஒப்பிட்டால் போதும்.

* சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்து, துபாய், கத்தார், குவைத், ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா: 230 வோல்ட் அல்லது அதை ஒட்டி, 50 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் கரன்ட்டேதான். பெரும்பாலும் பிளக் மட்டும்தான் வேறு.

* அமெரிக்கா, கனடா: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையதில் ஏறக்குறைய பாதி.

* தைவான்: 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

* ஜப்பான்: 100 வோல்ட். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். ஒரே நாட்டுக்குள் இரண்டு!

* சவூதி அரேபியா: இங்கே கொஞ்சம் உஷார். ஹெர்ட்ஸ் 60. பழைய வீடுகளில் 127 வோல்ட் இணைப்பு இருந்தது. 230-க்கு மாறி வருகிறார்கள். அதனால், சவூதியில் வாங்கிய பொருள் என்றால் லேபிளைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஏன் இப்படி ஊருக்கு ஒண்ணு?

நியூயார்க்கில் 1882-ல் எடிசன் தொடங்கிய மின் நிலையம், பல்புகளுக்காக 110 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுத்தது. அமெரிக்கா அதை ஒட்டியே வளர்ந்தது. ஐரோப்பா பிறகு அதைவிட உயர்ந்த வோல்டேஜுக்குப் போனது. வோல்டேஜ் கூடினால், அதே வேலைக்கு ஒயரில் ஓடும் கரன்ட் குறையும். மெல்லிய ஒயரே போதும் என்பது அதில் இருக்கும் லாபம். ஜப்பானின் கதை இன்னும் சுவாரஸ்யம். டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த அந்த ஷாப்பிங்தான் இன்றுவரை அந்த நாட்டை 50, 60 என்று பிரித்து வைத்திருக்கிறது.

நம்ம ஊர் உருண்டை மூணு பின் பிளக்கும் பிரிட்டிஷ்காரர்கள் காலத்து வடிவம்தான். அவர்களே 1947-க்குப் பிறகு சதுரப் பின் பிளக்குக்கு மாறிவிட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாயில் எல்லாம் நீங்கள் பார்ப்பது அந்தச் சதுரப் பின். நாம் இன்னும் பழசையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வோல்டேஜ் ரெண்டு மடங்கு... சூடு நாலு மடங்கு!

'120 வோல்ட் பொருளுக்கு 230 கொடுத்தால் கொஞ்சம் வேகமா ஓடும், அவ்வளவுதானே?' என்று நினைக்காதீர்கள். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் போன்ற சூடாக்கும் பொருள்களில் வோல்டேஜ் இரண்டு மடங்கானால், கரன்ட்டும் இரண்டு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் பவர் நான்கு மடங்கு.

என் ஹேர் டிரையர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அது 1,500 வாட்ஸ். நம்ம ஊர் 230 வோல்ட்டில் சொருகியபோது அது இழுக்கப் பார்த்தது சுமார் 5,500 வாட்ஸ். அதாவது 24 ஆம்பியர். நம் வீட்டின் சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர்! எம்.சி.பி மட்டும் கீழே விழாமல் இருந்திருந்தால், ஹேர் டிரையரோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சேர்ந்து உருகியிருக்கும். 100 வோல்ட் ஜப்பான் பொருள் என்றால் இன்னும் மோசம், ஐந்து மடங்குக்கும் மேல்.

அந்தப் பொடி எழுத்தைப் படிங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபாரின் பொருளாக இருந்தாலும் அதன் அடியிலோ, பின்பக்கமோ, கைப்பிடியிலோ, சார்ஜர் மீதோ பொடி எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், மொபைலில் போட்டோ எடுத்து ஜூம் பண்ணிப் பாருங்கள்.

* 'இன்புட் 100-240' என்று இருந்தால்: பயமே வேண்டாம். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஓடும். பின்னுக்கு ஏற்ற அடாப்டர் இருந்தால் போதும். பக்கத்திலேயே '50/60 ஹெர்ட்ஸ்' என்றும் போட்டிருக்கும்.

* '220-240' என்று இருந்தால்: நம்ம ஊருக்குச் சரி. ஹெர்ட்ஸ் எண்ணில் 50 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

* '120', '110-120', '100' என்று மட்டும் இருந்தால்: நேரடியாகச் சொருகவே கூடாது. அடாப்டர் போட்டும் சொருகக் கூடாது.

* '120/240' என்று சாய்வுக்கோடு போட்டு இருந்தால்: அது டூயல் வோல்டேஜ் பொருளாக இருக்கலாம். சில டிராவல் ஹேர் டிரையர்களில் இதற்கென ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதை 240 பக்கம் திருப்பிய பிறகே சொருக வேண்டும். மறந்துபோனால் என் கதைதான்.

சார்ஜரில் 'இன்புட்', 'அவுட்புட்' என இரண்டு வரிகள் இருக்கும். அவுட்புட்டில் '5' என்றோ '20' என்றோ இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது போனுக்கோ, லேப்டாப்புக்கோ போகும் வோல்ட். நாம் பார்க்க வேண்டியது இன்புட் மட்டுமே.

எது ஓகே, எது உஷார்?

பெரும்பாலும் ஓகே: போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர், டேப்லெட். வருகிற கரன்ட்டை முதலில் டி.சி-யாக மாற்றி, பிறகு தனக்குத் தேவையான அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் சர்க்யூட் இவற்றில் இருக்கிறது. அதனால்தான் 100 கொடுத்தாலும் 240 கொடுத்தாலும் கவலைப்படுவதில்லை. இருந்தாலும், முதல் தடவை லேபிளைப் பார்த்துவிடுங்கள்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை: டி.வி, கேம் கன்சோல், ஸ்பீக்கர், டிரிம்மர், எலெக்ட்ரிக் டூத் பிரஷ் சார்ஜர், குழந்தைக்கான பிரெஸ்ட் பம்ப். இவற்றில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. ஒரே பிராண்டில்கூட ஒரு மாடல் ஓகே, இன்னொரு மாடல் ஓகே இல்லை என்று இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்தால் ரொம்ப உஷார்: ஹேர் டிரையர், ஸ்ட்ரெய்ட்னர், அயர்ன் பாக்ஸ், கெட்டில், டோஸ்டர், காபி மேக்கர், எலெக்ட்ரிக் குக்கர், ஏர் ஃப்ரையர், மைக்ரோவேவ், மிக்ஸர், பால் பாட்டில் வார்மர், ஹீட்டிங் பேட். சூடாக்குவதும் சுற்றுவதும்தான் இவற்றின் வேலை. இவற்றில் பெரும்பாலானவை 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை.

முக்கியமாக ஒன்று, நெபுலைசர். தாத்தாவுக்கோ குழந்தைக்கோ மூச்சுத் திணறல் என்று ஆசையாக வாங்கி அனுப்பியிருப்பார்கள். கம்ப்ரஸர் வகை நெபுலைசர் பலவும் அந்த ஊர் வோல்டேஜுக்கும் ஹெர்ட்ஸுக்கும் மட்டுமே ஓடும். ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் வரும்போது சொருகி, அது கருகிப்போனால் என்ன செய்வீர்கள்? பார்சல் பிரித்த அன்றே லேபிளைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இல்லையென்றால் யோசிக்காமல் இங்கேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

அடாப்டர், கன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர்... எல்லாம் ஒண்ணா?

இல்லவே இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அடாப்டர்: பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும். 230 உள்ளே போனால் 230-தான் வெளியே வரும். எங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதே ரகம்தான். எல்லாப் பின்னையும் ஏற்றுக்கொள்ளும், எதையும் மாற்றாது. பல யுனிவர்சல் அடாப்டர்களில் எர்த் இணைப்பும் இருக்காது. அதனால், அயர்ன் பாக்ஸ் மாதிரி உலோக உடம்புள்ள பொருள்களுக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

டிராவல் கன்வெர்ட்டர்: கையடக்கமாக, '2,000 வாட்ஸ்' என்று பெரிதாகப் போட்டு விற்கும் சில மாடல்கள், கரன்ட் அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. சாதாரண ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றைச் சில நிமிடங்கள் ஓட்டுவதற்கு மட்டுமே அவை. எலெக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கும் பொருளைப் போட்டால் பொருள் காலி.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்: 230-ஐ நிஜமாகவே 110 அல்லது 120 ஆகக் குறைத்துத் தருவது இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுகளில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது, பொருளின் வாட்ஸைவிட டிரான்ஸ்ஃபார்மரின் திறன் கால் பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். மோட்டார் உள்ள பொருள் ஸ்டார்ட் ஆகும்போது அதிகமாக இழுக்கும் என்பதால், அதற்கு இரண்டு, மூன்று மடங்கு தேவை. 1,500 வாட்ஸ் கெட்டிலுக்கு 2,000 வாட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொண்டால், அது கல்லு மாதிரி கனக்கும். அந்தக் காசுக்கு இங்கேயே புது கெட்டில் வாங்கிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மர், குறைந்த வாட்ஸில் ஓடும் விலை உயர்ந்த பொருளுக்குத்தான் லாபம்.

'வீட்ல ஸ்டெபிலைசர் இருக்கே, அது போதாதா?' என்று கேட்பீர்கள். போதாது. ஏறி இறங்கும் வோல்டேஜை 230-க்குப் பக்கத்தில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதை 120 ஆக்காது. வீட்டு இன்வெர்ட்டரும் அப்படியே.

ஹெர்ட்ஸ்... மறந்துபோகும் வில்லன்

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடும் அமெரிக்க கடிகாரம் ஒன்றை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இங்கே ஓட்டினால், ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம்தான் காட்டும்! ஃப்ரிட்ஜ், சில ஃபேன், வாஷிங் மெஷின்களில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடு கூடி ஓடும். மைக்ரோவேவுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் அளவுக்கு மீறிச் சூடாகும். அதனால், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்ட ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவை எல்லாம் கன்டெய்னரில் ஏற்றி அனுப்பும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். காயிலும் பல்பும் மட்டும் இருக்கும் பொருள்களுக்கு ஹெர்ட்ஸ் பிரச்னை இல்லை.

சிங்கப்பூர், துபாய் பொருளுக்கு பிளக் மாத்தலாமா?

தாராளமாக. வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒத்துப்போனால், சதுரப் பின்னை எடுத்துவிட்டு நம்ம ஊர் த்ரீ பின் டாப் போட்டுக்கொள்ளலாம். அடாப்டரை ஆட்டி ஆட்டி வருஷக்கணக்கில் ஓட்டுவதைவிட இது நல்லது. ஆனால், நாலு விஷயம் கவனம்.

1. சைஸ்: அயர்ன் பாக்ஸ், கெட்டில், குக்கர் என 1,000 வாட்ஸுக்கு மேல் இருந்தால், பெரிய 16 ஆம்பியர் டாப் போட்டு, பெரிய பாயின்ட்டில்தான் சொருக வேண்டும்.

2. எர்த்: ஒயரில் மூன்று கம்பி இருந்தால் மூன்றையும் இணைக்க வேண்டும். 'மூணாவது பின் எதுக்கு?' என்று வெட்டிவிடாதீர்கள். உள்ளே லீக்கேஜ் ஆனால், ஷாக் உங்களுக்கு அடிக்காமல் மண்ணுக்குப் போவது அந்த வழியில்தான்.

3. ஒயர் கலர்: இங்கிலாந்து, சிங்கப்பூர், ஐரோப்பியப் பொருள்களில் பிரவுன்தான் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை - மஞ்சள் எர்த். நம்ம ஊர் பழைய ஒயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஆனால், அமெரிக்க ஒயரில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த்! 'கறுப்புன்னா நியூட்ரல்தானே' என்று பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டுவிட்டால், ஸ்விட்சை ஆஃப் பண்ணிய பிறகும் உள்ளே கரன்ட் நிற்கும். எலெக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போதே எந்த நாட்டுப் பொருள் என்று சொல்லிவிடுங்கள்.

4. ஃப்யூஸ்: சதுரப் பின் பிளக்குக்குள் குட்டியாக ஒரு ஃப்யூஸ் இருக்கும். பிளக்கை வெட்டினால் அதுவும் போய்விடும். உங்கள் வீட்டில் எம்.சி.பி-யும், லீக்கேஜ் வந்தால் கட் ஆகும் ஆர்.சி.சி.பி-யும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து கிளம்புறவங்களுக்கு...

மேற்படிப்புக்கு அமெரிக்கா, கனடா போகிறீர்களா? சூட்கேஸில் அம்மா ரைஸ் குக்கரை வைக்கும் முன்பு ஒரு நிமிடம். நம்ம ஊர் 230 வோல்ட் குக்கர், அங்கே கால் பங்கு பவரில்தான் ஓடும். 700 வாட்ஸ் குக்கர் 190 வாட்ஸ் ஆகிவிடும். அரிசி வேகாது, ஊறும்! மிக்ஸி இன்னும் பாவம். பாதி வோல்டேஜில் வேகமே எடுக்காமல் தேங்காய்த் துண்டோடு மல்லுக்கட்டும். நம்ம ஊர் கம்பெனிகளே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் மாடல்களைச் செய்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

லண்டன், சிங்கப்பூர், துபாய் என்றால் மிக்ஸியைத் தாராளமாக எடுத்துப் போகலாம். சதுரப் பின்னுக்கான அடாப்டர் மட்டும் தேவை. எர்த் உள்ளதாக, மிக்ஸியின் ஆம்பியரைத் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ஊர் சாக்கெட்டில் எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளும் திறக்கும். அதற்காகப் பேனா, ஸ்க்ரூ டிரைவரை எல்லாம் விட்டு நெம்பித் திறக்காதீர்கள். குழந்தைகளின் பாதுகாப்புக்காக வைத்த மூடி அது.

'என்னடா வேணும்?'னு கேட்டா என்ன சொல்றது?

ஃபாரினில் இருந்து கிளம்பும் முன்பு சொந்தக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். அப்போது கூச்சப்படாமல் இதைச் சொல்லிவிடுங்கள்.

* "வாங்குறதுக்கு முன்னாடி பாக்ஸ்ல 100-240 இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா லேபிளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க."

* "வாரன்ட்டி இந்தியாவுல செல்லுமான்னு கேளுங்க." பல பொருள்களுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே வாரன்ட்டி. தப்பான வோல்டேஜில் சொருகிக் கெட்டால் பொதுவாக எங்கேயுமே வாரன்ட்டி கிடைக்காது.

* "அமெரிக்காவுல இருந்து ஹேர் டிரையர், குக்கர் வேணாம். இங்கேயே வாங்கிக்கிறேன்."

தப்பா சொருகிட்டீங்களா?

புகையோ வாசனையோ வந்தால், பொருளைத் தொடாமல் முதலில் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். அது முடியாவிட்டால் மெயினை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தால், கரன்ட்டை நிறுத்தாமல் அவரைத் தொடக் கூடாது. நிறுத்தியதும் 108-ஐ அழையுங்கள். தீ பரவினால் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள். கருகிய பொருளை 'ஒருவேளை ஓடுமோ' என்று இரண்டாவது தடவை சொருகிப் பார்க்க வேண்டாம்.

அந்த ஹேர் டிரையர் இப்போது என் அலமாரியில் சும்மா இருக்கிறது. அக்காவிடம் சொன்னபோது, "ஐயோ, அங்க அவ்ளோ நல்லா ஓடிச்சேடி!" என்று வருத்தப்பட்டார். அதன் கைப்பிடியை இப்போது ஜூம் பண்ணிப் பார்த்தால் '120' என்று தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்குப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

உங்கள் வீட்டிலும் இன்னும் சொருகாத ஃபாரின் பொருள் ஏதாவது இருக்கிறதா? எழுந்துபோய் இப்போதே ஒரு தடவை திருப்பிப் பாருங்களேன்!